அத்திம்பேர் டிரைவர் மாற்றிய கதை

அடுகோடி, பெங்களூர்
16-10-2003

சௌபாக்கியவதி ஜானகிக்கு அக்கா அனந்தலக்ஷ்மி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், கம்ப்யூட்டரும் சௌக்கியம். திருச்சியில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் அதேபோல் இருக்க வேண்டும்.

முதலில் ஒன்று: நாங்கள் கார் வாங்கவில்லை. சனிக்கிழமை நீ போன் செய்தபோது, "டிரைவர் ரொம்பப் பழசாயிடுத்தாம், உன் அத்திம்பேர் மாத்திண்டிருக்கார், அப்புறம் பேசறேன்" என்று வைத்தது என் தப்புதான். அதற்காக நீ பெரியண்ணாவிடம் சொல்லி, அவர் எங்களைக் கூப்பிட்டு வண்டி என்ன கலர் என்று கேட்கும்படியா ஆக வேண்டும்? கம்ப்யூட்டருக்கும் டிரைவர் உண்டாம். சத்தத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று. பெட்டி சொல்வதை அந்தந்தச் சாமானுக்குப் புரியவைக்கிற புரோகிராம்.

ரிட்டயர் ஆனதிலிருந்து உன் அத்திம்பேர் பேப்பரில் கம்ப்யூட்டர் பக்கத்தை ஒரு வரி விடுவதில்லை. டிரைவரைப் புதுப்பிக்காதவர்கள் பின்னால் வருந்துவார்கள் என்று அதில் போட்டிருந்ததாம். ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு அமெரிக்காவிலிருந்து சஞ்சய் குழந்தையைக் கேமராவில் காட்டுவதாக ஏற்பாடு. பேரன் 'தாத்தா' சொல்லுகிறான் என்று மாட்டுப்பெண் கிருத்திகா சொன்னதிலிருந்து இவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ஏன்னா, இப்பவே நன்னாத்தானே கேக்கறது?" என்றேன்.

"நன்னா கேக்கறது வேற, துல்லியமா கேக்கறது வேற, அனந்து."

மூன்று மணி நேரம் டெலிபோன் லைனைப் பிடித்துக்கொண்டு எதையோ இறக்கினார். போட்டார். சத்தம் போயே போய்விட்டது. அதைச் சரிசெய்யப் படத்தின் டிரைவரை மாற்றினார்; எழுத்தெல்லாம் இட்லி இட்லியாக வீங்கிற்று. அதைச் சரிசெய்கிறேன் என்று பிரிண்டரைத் தொட, அது யாரும் கேட்காமலே பதினாறு பக்கம் கட்டங்கட்டமாக அச்சடித்துத் துப்பியது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குப் பேரன் வந்தான். வாயைத் திறந்தான், மூடினான், தொட்டியில் மீன் பார்ப்பது போல. இவர் திரையைக்கூடப் பார்க்காமல் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு, "சொல்லுடா கண்ணா, இன்னொரு தரம் சொல்லு" என்றார். முந்தின நாளிலிருந்து திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்தே போய்விட்டது, ஜானகி. இஸ்திரி போட்ட சட்டையில்லாமல் வாசலுக்கு வராத மனுஷன், பனியனோடு தெருவில் ஓடினார்.

அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் டென்சில், கோட்டும் டையுமாக மனைவியோடு மச்சினி கல்யாண ரிசப்ஷனுக்கு ஆட்டோ ஏறிக்கொண்டிருந்தானாம். இவர் ஆட்டோவையே நம் வீட்டுக்குத் திருப்பிவிட்டார். பாவம் அந்தப் பெண், பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தாள்.

"இன்னா அங்கிள், நல்லா ஓடினிருந்துச்சே! சும்னே எதுக்குக் கை வெச்சீங்க?"

"பேப்பர்ல போட்டிருந்தான்பா..."

"இது வேற சவுண்டு கார்டோட டிரைவர் அங்கிள். பேர் மட்டும்தான் ஒண்ணு மாதிரி."

டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, பெட்டியோடு வந்த பழைய சிடியிலிருந்து பழைய டிரைவர்களையே மறுபடி போட்டான். திரும்ப லைன் கிடைக்க இருபது நிமிஷம். சஞ்சய் குழந்தையை மடியில் வைத்தபடி அங்கேயே காத்திருந்தான். கர்ரென்று ஒரு சத்தம். பிறகு, "அவனுக்குப் பசிக்கறது, தூக்கிண்டு போறேன்" என்று கிருத்திகா சொல்வது மணி மணியாகக் கேட்டது. குழந்தை கையை ஆட்டி ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அத்தோடு லைன் அறுந்தது.

"கேட்டியா அனந்து? தாத்தாங்கறான்!" இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டென்சிலும், "ஆமா அங்கிள், க்ளியரா சொன்னான்" என்றான்.

என் காதில் ஒரு பழுதும் இல்லை. குழந்தை சொன்னது 'டாட்டா'. நான் உள்ளே போய் எல்லோருக்கும் காபி கலந்தேன்.

இனி டிரைவர் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று உன் அத்திம்பேர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்திருக்கிறார். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குழந்தைகளுக்கு என் முத்தம். நீ தீர்க்கசுமங்கலியாக, நிம்மதியாக இரு.

உன் பிரியமுள்ள அக்கா,
அனந்தலக்ஷ்மி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் இன்னொன்று. இவர் கறிகாய் வாங்கப் போயிருக்கிறார். திரையில் ஒரு கட்டம் வந்து, கேமராவுக்குப் புது டிரைவர் இருக்கிறது, போடட்டுமா என்று மரியாதையாகக் கேட்டது. சத்தியம் செய்தது அவர்தானே, நானில்லையே! பேரனை இன்னும் தெளிவாகப் பார்த்தால் மனுஷன் சந்தோஷப்படுவாரே என்று அழுத்திவிட்டேன். இப்போது கேமராவில் நான் தலைகீழாகத் தெரிகிறேன். அத்திம்பேரிடம் மூச்சு விடாதே. அவர் வருவதற்குள் டென்சிலைப் பிடிக்க ஓடுகிறேன்.