ஆறு ஸ்டட்டும் கழன்ற செய்தி

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் வாயால் சொல்ல, அக்கா கையால் எழுதும் கடிதம். இங்கே நாங்கள் இருவரும் நலம். என் வலது கைக் கட்டைவிரல் மட்டும் முழு நலமில்லை. அதன் கதை அதற்குரிய இடத்தில் வரும். அங்கே பெரியவர்கள் சிறியவர்கள் எல்லோரும் நலமாக இருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒவ்வொருவராக விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. விஷயத்துக்கு வருகிறேன். கழன்றுவிட்டது. ஆறும் கழன்றுவிட்டன. வெள்ளிக்கிழமை பழைய இரும்புக்காரரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம். காரின் காகிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இந்த மாதம் நான்காம் தேதி, புதன்கிழமை, என் தேநீர் ஆறிக்கொண்டிருந்த வேளையில் நீங்கள் போனில் சொன்னது வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "அத்தான், என் வண்டி உங்க ஷெட்டுல நின்னு வீணாப் போகுது. தண்ணி பம்ப் ஒழுகுது, கழற்ற ஒருத்தனும் வரமாட்டேங்கறான். இருபதாம் தேதிக்குள்ள நீங்க கழற்றிட்டா வண்டி உங்களுக்கே. இல்லேன்னா இரும்புக்காரருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். இரண்டு தடவை. படித்தவர்கள் எழுதி வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். எனக்கு எழுதி வைக்க வழியில்லை, அதனால் மறக்கவும் வழியில்லை.

அந்த வண்டி எனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் அக்காவின் முழங்கால் உங்களுக்குத் தெரியும். பேருந்தின் முதல் படி அவளுக்கு ஒரு மாடி. வாடகைக் காரில் உட்கார வைத்துவிடலாம், எழுப்ப இரண்டு பேர் வேண்டும். உலகத்திலேயே அந்த வண்டியின் முன்சீட்டு ஒன்றுதான், நான் அடியில் பலகை கொடுத்து உயர்த்தியது, அவள் யார் கையையும் பிடிக்காமல் உட்கார்ந்து எழுந்திருக்கிற சீட்டு. வண்டி நின்றதிலிருந்து, ஐந்து மாதமாக, அவள் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போகவில்லை. இதை எழுதவேண்டாம் என்கிறாள். எழுது என்று சொல்லிவிட்டேன்.

முதலில் தெரு வளைவில் கடை வைத்திருக்கிற மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் பானெட்டைத் தூக்கினார், டார்ச் அடித்தார், மூடினார். தண்ணீர் பம்ப்பை இன்ஜினோடு பிடித்திருப்பது ஆறு ஸ்டட், ஆறும் துருவேறி இன்ஜினோடு ஒன்றாகிவிட்டது, கை வைத்தால் உடையும், உடைந்தால் இன்ஜினே போகும் என்றார். தேநீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். ஸ்டட் என்பது சாதாரண போல்ட் மாதிரி இல்லை, உங்களுக்கே தெரியும். போல்ட்டுக்குத் தலை உண்டு, ஸ்பேனர் போட்டுத் திருகலாம். ஸ்டட் தலையில்லாத வெறும் முண்டம். ஒரு பாதி இன்ஜினுக்குள், மறுபாதி வெளியே, அதன்மேல் ஒரு நட்டு. தலை என்று ஒன்று இருந்தால்தானே பிடித்து வழிக்குக் கொண்டுவரலாம். நான் ஸ்டட்டைத்தான் சொல்கிறேன்.

அந்த ஆறையும் அப்படி இறுக்கியது யார் என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், வண்டி வாங்கிய மறுவாரம், பம்ப்பில் ஒரு சொட்டுக் கசிவு. நான் போதும் போதும் என்கிறேன், நீங்கள் ஸ்பேனரின் பின்னால் ஒரு நீளக் குழாயைச் செருகி, அதில் தொங்கிக்கொண்டு, "இன்னும் ஒரு சுத்து அத்தான், இன்னும் ஒரே ஒரு சுத்து" என்றீர்கள். நீலச் சட்டை போட்டிருந்தீர்கள். அந்த ஒரு சுற்றைத்தான் இப்போது ஒன்பது நாளாகத் திரும்ப அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

என் அலமாரி உங்களுக்குத் தெரியும். ஆலையில் முப்பது வருஷம் இயந்திரங்களுக்கு எண்ணெய் விட்ட காலத்திலேயே பழகிய முறை. சீட்டைப் படிக்கத் தெரியாதவனுக்கு இடம்தான் எழுத்து. இடமிருந்து முதல் புட்டி தையல் இயந்திர எண்ணெய், இரண்டாவது துரு எண்ணெய், மூன்றாவது திருகில் தடவும் வழுக்குப் பசை, நான்காவது நீங்கள் மோட்டார் சைக்கிளுக்கு வாங்கி வைத்துவிட்டுப் போன ஏதோ ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுவேன், தப்பாது. இரண்டாவது புட்டியை எடுத்து மூன்று நாள், காலையும் மாலையும், ஆறுக்கும் மருந்து விட்டேன். விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டுவேன். தட்டினால்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். கதவைத் தட்டாமல் யார் உள்ளே போக முடியும். நான்காம் நாள் மேலே இருந்த நட்டுகளை எடுத்துப் பம்ப்பை உருவிவிட்டேன். பம்ப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவில், தண்ணீர் கசியாமல் அடைக்கிற காகித கேஸ்கெட் பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதிது வாங்கி, மடங்காமல் இருக்க ஷெட் சுவரில் ஆணியில் மாட்டினேன். இனி அந்த ஆறு முண்டங்களும் நானும்தான்.

ஸ்டட்டைக் கழற்ற ஒரு வழி உண்டு. ஒரே ஸ்டட்டின்மேல் இரண்டு நட்டைப் போட்டு, ஒன்றோடொன்றை இறுக்கிப் பூட்டிவிட வேண்டும். பிறகு உள்நட்டைத் திருப்பினால் இரண்டும் தனியாகச் சுற்ற முடியாமல் ஸ்டட்டையும் இழுத்துக்கொண்டு வரும். உங்கள் அக்காவும் நானும் மாதிரிதான். நாங்கள் முட்டிக்கொண்டு நின்றால் நடுவில் இருக்கிறவர்தான் அசைந்தாக வேண்டும், அது பெரும்பாலும் நீங்கள். அப்படி முதல் இரண்டும் ஒரே மதியத்தில் வந்தன. க்ரீச் என்று ஒரு சத்தம். ஆலைச் சங்கைவிட இனிமை. உங்கள் அக்காவைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன். "ரெண்டு துருப்பிடிச்ச குச்சிக்கா என்னை நடக்க வச்சீங்க" என்றாள். ஆனால் கையில் வாங்கிப் பார்த்தாள், உடனே திருப்பித் தரவில்லை.

மூன்றாவதும் நான்காவதும் மசியவில்லை. அங்கேதான் ஸ்பேனர் நழுவி, என் கட்டைவிரல் ரேடியேட்டரில் போய் விழுந்தது. அதற்கு மேல் நெருப்புதான் வழி. கேஸ் விளக்கால் ஸ்டட்டைச் சுற்றி நன்றாகச் சூடேற்றி, மெழுகுவத்தியை அதன் அடியில் வைத்துத் தேய்க்க வேண்டும். மெழுகு உருகித் துருவுக்குள் தானாக இழுத்துக்கொண்டு போகும். எண்ணெய் நுழையாத இடத்தில் மெழுகு நுழையும். வீட்டில் இருந்த ஐந்து மெழுகுவத்தியும் அதற்கே போயின. அன்றைக்கு என்று பார்த்து மின்சாரம் போனது. உங்கள் அக்கா டிராயரைத் திறந்தாள், மூடினாள். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. ஆனால் இரண்டும் வந்துவிட்டன, வெண்ணெயில் கத்தி மாதிரி.

ஐந்தாவது உடைந்தது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம், கையில் பாதி, இன்ஜினுக்குள் பாதி. ஷெட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக் சொன்னது, இரும்புக்காரர், உங்கள் இரண்டு சிரிப்பு, எல்லாம் வரிசையாக வந்து முன்னால் நின்றன. உங்கள் அக்கா வந்து ஷெட் வாசலில் நின்று பார்த்தாள். "போகட்டும் விடுங்க. நான் வீட்டுலயே இருந்துக்கறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் என்னை எழுப்பியது. நேரே வெல்டரிடம் போனேன். தெருவில் எல்லோரும் பொறி என்று கூப்பிடுகிற ஆள், புருவமே கிடையாது. அவர் வந்து, உடைந்த முனைமேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள்ளேயே பற்ற வைத்தார். உடைந்தவனுக்குப் புதுத் தலை. அது செக்கச்செவேல் என்று இருந்து மெல்லக் கருத்ததும் ஸ்பேனரைப் போட்டேன். முனகிக்கொண்டே வந்தான். பொறி என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வேறெதையாவது உடைத்தால் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆறாவதுதான் கடைசி, அடியில் ஒளிந்திருப்பது. எண்ணெய், தட்டு, இரட்டை நட்டு, நெருப்பு, மெழுகு எல்லாம் பார்த்தாகிவிட்டது. எட்டாவது நாள் முழுக்க அசைவே இல்லை. ஒன்பதாம் நாள் காலை, உங்கள்மேல் இருந்த கோபத்தில் நீங்கள் செய்கிற மாதிரியே செய்து பார்ப்போம் என்று, கழற்றுகிற பக்கம் திருப்பாமல், இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை திருப்பினேன். இன்னும் ஒரு சுற்று அத்தான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான். அசைந்தது. பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம், ஆட்டி ஆட்டி வெளியே எடுத்துவிட்டேன். முப்பத்தோரு வருஷத்தில் உங்கள் புத்தி ஒருமுறை உபயோகப்பட்டது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

பிறகு என்ன, ஒரே ஓட்டம். ஆறு புது ஸ்டட், புது பம்ப். முகம் துடைத்த துண்டை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தவன் மாட்டி முடித்துத்தான் எழுந்தேன். இனி இதைக் கழற்றப் போகிறவன் என்னைப்போலக் கஷ்டப்படக்கூடாது என்று, அலமாரியில் மூன்றாவது புட்டியை எடுத்து, ஸ்டட் உள்ளே போகிற பக்கம், நட்டு ஏறுகிற பக்கம், இரண்டு பக்கமும் தாராளமாகத் தடவினேன். முன்பெல்லாம் வழுக்குப் பசை சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கும். இப்போது சிவப்பாக, தண்ணீர் மாதிரி வருகிறது. கம்பெனிக்காரன் எவ்வளவு முன்னேறிவிட்டான் பாருங்கள். விரலில் ஒட்டிய சிவப்பு மட்டும் சோப்புக்கும் போகவில்லை. முடித்த பிறகு தரையைக் கூட்டிப் பார்த்தேன்; ஒரு வாஷர்கூட மிச்சமில்லை. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றவில்லை, சாவி போடவில்லை. முதல் தண்ணீரை நீங்கள் ஊற்றி, நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். நான் பக்கத்தில் நின்று, ஒரு வார்த்தையும் பேசாமல், உங்கள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்கள் வண்டிகள் கொதிக்காமல் ஓடவும், உங்கள் திருகுகள் நீங்கள் நினைக்கும்போது கழலவும் நினைக்காதபோது கழலாமல் இருக்கவும், மனதார வாழ்த்தும் அத்தான். கையெழுத்துக்குப் பதில் கீழே இருப்பது என் கட்டைவிரல். மை தேவைப்படவில்லை.

பின்குறிப்பு:

தம்பி, அவர் குளிக்கப் போயிருக்கிறார். இதை அவருக்குப் படித்துக் காட்டப் போவதில்லை.

மை இல்லாமல் ரேகை சிவப்பாக விழுந்ததைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் இருந்தது. போய் அவர் பசை என்று தடவிய புட்டியைப் படித்தேன். அது நீ மோட்டார் சைக்கிளுக்கு வாங்கி வைத்தது. 'திருகுகளை நிரந்தரமாகப் பூட்டும். மீண்டும் பிரிக்கத் தேவையில்லாத இடங்களுக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை அலமாரியைத் துடைத்தேன். புட்டிகளை உயர வரிசையில் அழகாக அடுக்கி வைத்தவள் நான்தான். இதை என் வாயால் அவரிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அதோடு போயிருந்தால் பேசாமல் இருந்துவிடலாம், நன்றாகப் பூட்டியிருக்கிறது என்று. அப்படியே துவைக்கலாமே என்று ஷெட்டில் இருந்த துண்டை எடுத்தேன். பின்னால் ஆணியில் புதுக் கேஸ்கெட் தொங்குகிறது, பம்ப்பில் போடவே இல்லை. தண்ணீர் ஊற்றினால் அத்தனையும் தரையில்தான். ஆறையும் மறுபடி கழற்றியாக வேண்டும்.

நீ வெள்ளிக்கிழமை காகிதங்களோடு வா. கழற்றினால் வண்டி என்றுதானே சொன்னாய், ஒழுங்காக மாட்டினால் என்று சொல்லவில்லையே. வந்ததும் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் ஸ்பேனரைக் கையில் எடு. அவர் பார்க்கும்படி ஆறு நட்டையும் பலமாக ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "இன்னும் ஒரு சுத்து இறுக்கிட்டேன் அத்தான்" என்று சொல். நட்டு அசையாததற்கு உன் இறுக்கல்தான் காரணம் என்று நினைத்துக்கொள்வார், மற்றதை அவரே பார்த்துக்கொள்வார். முப்பத்தோரு வருஷத்தையும் சேர்த்துத் திட்டுவார், எனக்காக வாங்கிக்கொள். அன்றைக்கே கழற்ற உட்கார்ந்துவிடுவார். திரும்ப மாட்டும்போது கேஸ்கெட்டை நானே கையில் கொடுத்துவிடுகிறேன்.

இந்த ஒன்பது நாளும் சாப்பிடும்போதுகூட அவர் பாடிக்கொண்டே இருந்தார். நான் ஷெட் வாசல்வரை ஐந்து தடவை நடந்தேன், என்ன ஆச்சு என்று பார்க்க.

வரும்போது மெழுகுவத்தி வாங்கி வா. இரண்டு கட்டு.

அக்கா