வளைவு ஆவியும் ஸ்பிரிங் வளையமும்

அந்த வளைவில் குடியிருந்த ஆவிக்கு ருசி அதிகம். காரைத் தொடாது. பஸ்ஸைத் தொடாது. நடந்து போகிறவர்களை ஏறெடுத்தும் பார்க்காது. பின்னால் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் வந்தால்தான் விழித்துக்கொள்ளும்; வண்டியைப் பிடித்து வெளிச்சுவர்ப் பக்கம் இழுக்கும். அதிலும் புதிதாகக் கழுவிய வண்டி என்றால் அதற்கு உயிர். ஆவிக்கு ஏது உயிர் என்றெல்லாம் கேட்கக்கூடாது. அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

வளைவைத் தாண்டியதும் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஆவியோட்டி. ஊர் அவரை 'வண்டி ஐயா' என்றது. காலையிலேயே வாசலில் வரிசை நிற்கும்: சாப்பாடு கொண்டுபோகிறவர், பார்சல்காரர், கேஸ் சிலிண்டர்காரர். வண்டி மட்டும் திரைக்கு உள்ளே போகும். புகை வரும், மணி அடிக்கும், ஐயா உறுமுவார். வெளியே வரும்போது ஹெட்லைட்டுக்குக் கீழே ஒரு செப்புத் தகடு பளபளக்கும். சொந்தக்காரர் வண்டி பக்கத்திலேயே ஐயா காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, காணிக்கை வைத்துவிட்டுக் கிளம்புவார்.

வேடிக்கை என்னவென்றால், வண்டி நிஜமாகவே நன்றாகத் திரும்பும்.

பக்தி முற்றியவர்களுக்கு 'விசேஷக் கட்டு' உண்டு. அது செய்த வண்டி தொட்டாலே திரும்பும். வேகமாகப் போனால் ஹேண்டில்பார் வெடவெடக்கும். "உள்ள சக்தி துடிக்குதுப்பா" என்பார் ஐயா. சக்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து ஓட்டுவார்கள்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி இருந்தாள். ஆள் குள்ளம். 'அரைப்படி அக்கா' என்று தெருவே கூப்பிட்டது. அவளும் திரும்பிப் பார்த்தாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, பெட்டியில் வைத்து, மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவது அவள் வேலை. போன வாரம் ஆவி அவளையும் இழுத்தது. பெட்டி சுவரில் மோதி, குழாய்கள் உடைந்து, அத்தனை பேருக்கும் மறுபடி ஊசி.

கூடத்து மேனேஜர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு தடவை கொட்டுச்சுன்னா வண்டி வேலை வேன்காரருக்குப் போயிடும்மா. நீ உள்ள உட்கார்ந்து லேபிள் ஒட்டு."

வெயில், காற்று, தெருத்தெருவாக அறிமுகம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார்வதை நினைத்தால் அவளுக்கு மூச்சு முட்டியது. முடிதிருத்தும் கடை வைத்திருந்த கணவன் இதுதான் சமயம் என்று அவளை ஐயாவிடம் இழுத்துப் போனான். அவன் கடை நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு தலையும் ஓர் ஆவிக்கதை சொல்லிவிட்டுத்தான் எழுந்து போகும்.

புகை, மணி, உறுமல், தகடு. வண்டி லகுவாகத் திரும்பியது.

"இப்பவாவது நம்புறியா?" என்றான் கணவன்.

அவள் வண்டியில் உட்கார்ந்தபடி கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னங்க, வரும்போது என் குதிகால் தரையில இருந்துச்சு. இப்ப நுனிவிரல்தான் எட்டுது."

"ஆவி இறங்கிடுச்சுல்ல, பாரம் குறைஞ்சிருக்கும்."

"ஆவிக்கு எடை இருக்கா?"

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி."

கேள்வி அவளை விடவில்லை. வாரம் ஒருமுறை வண்டியைக் கழுவ வேண்டும் என்பது பரிசோதனைக் கூடத்து விதி. வளைவுக்கு முன்னால் இருந்த வாட்டர் வாஷ் ஐயாவின் மச்சானுடையது. தெருவுக்கே தெரியும், யாருக்கும் உறுத்தவில்லை. கழுவி முடித்து ஏறி உட்கார்ந்தாள். குதிகால் சுகமாகத் தரையில் பதிந்தது. வளைவில் ஆவி இழுத்தது. இந்த முறை மெதுவாக வந்ததால் தப்பினாள்.

வண்டியை ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தாள். சீட்டுக்கு அடியில் தடித்த ஸ்பிரிங். அதன் அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம். வளையத்தை மேல்படிக்குத் திருகினால் ஸ்பிரிங் இறுகி வண்டியின் பின்புறத்தைத் தூக்கும். கீழ்ப்படிக்கு இறக்கினால், பெட்டிப் பாரத்தில் பின்புறம் உட்கார்ந்துவிடும். பின்னால் உட்கார்ந்தால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை இன்னும் சாய்ந்து படுக்கும். சக்கரம் நேராகவே போவேன் என்று அடம்பிடிக்கும். திருப்பினாலும் சோம்பலாகத் திரும்பி, வளைவின் வெளிப்பக்கம் அகன்று போகும். பின்னால் தூக்கினால் கவை நிமிரும், வண்டி சட்டென்று திரும்பும். அளவுக்கு மீறித் தூக்கினால் நிலைகொள்ளாமல் நடுங்கும். கழுவுமிடத்தில் மச்சான் இறக்க, திரைக்குள் ஐயா ஏற்றுகிறார். ஆவி, ஆவி ஓட்டம், சக்தித் துடிப்பு மூன்றும் ஒரே வளையத்தில் அடங்கிவிட்டன.

கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்தாள். வளையத்துக்கும் அதைத் தாங்கும் குழாய்க்கும் சேர்த்து ஒரே கோடு இழுத்தாள். காய்ந்ததும் கொட்டகைக்கு விட்டாள். வரிசையில் நின்ற எல்லோரையும் குனிந்து பார்க்கச் சொன்னாள்.

"கோடு ஒண்ணா இருக்கா?"

"இருக்கு அக்கா," என்றார் சிலிண்டர்காரர். "எதுக்கு, அலங்காரமா?"

வண்டி உள்ளே போனது. புகை, மணி, உறுமல். வெளியே வந்தபோது கோடு இரண்டாக உடைந்து, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் நின்றது.

ஐயா அசரவில்லை. "ஆவி போகும்போது திருகிட்டுத்தாம்மா போகும்."

கூட்டம் தலையாட்டியது. அதற்குத் தலையாட்டிப் பழக்கம்.

"சரிங்க ஐயா. எங்க கூடத்துல மருந்து வேலை செய்யுதான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. ஒருத்தருக்கு மருந்து, ஒருத்தருக்கு வெறும் தண்ணி. எது யாருக்குன்னு அவங்களுக்குத் தெரியக்கூடாது. இங்கயும் பார்த்துடலாம். அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் குடுங்க."

ஐயா பழக்கதோஷத்தில் அங்கிக்குள் கைவிட்டு எடுத்து நீட்டிவிட்டார். வளையம் திருகுவதற்கென்றே செய்த கொக்கி ஸ்பேனர். நீட்டிய பிறகுதான் அவருக்கு வியர்த்தது.

பக்கத்துத் திடலில் செங்கல்லால் வளைவுக்கோடு கிழித்தார்கள். சிலிண்டர்காரரைத் திரும்பி நிற்க வைத்து, தன் வண்டியின் வளையத்தைக் கீழே இறக்கினாள். தகட்டை விட்டுவைத்துத் துணியால் மூடினாள். அவர் ஓட்டினார். கோட்டைத் தாண்டி வெளியே போனார்.

"தகட்டைக் கழட்டிட்டியா அக்கா? இழுக்குதே."

மறுபடி திரும்பி நிற்க வைத்தாள். தகட்டைக் கழற்றிப் பையில் போட்டு, வெறும் இடத்தைத் துணியால் மூடி, வளையத்தை ஏற்றினாள். கோட்டோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு போனார்.

"இப்ப மாட்டிட்ட. அதான் இப்படிப் போகுது."

அவள் துணியை விலக்கினாள். சிலிண்டர்காரர் வெறும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக ஐயாவைப் பார்த்தார். ஐயா தன் வண்டியைத் தேடிக்கொண்டிருந்தார். எதிரே வாட்டர் வாஷின் ஷட்டர் அவசரமாக இறங்கியது.

மேனேஜர் விவரம் கேட்டுவிட்டு, "அப்போ லேபிள் ஒட்ட வேற ஆளைப் பார்க்கணும்" என்று மட்டும் சொன்னார். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வாசலில் பார்சல்காரர் மறித்தார். "அக்கா, உங்க கைராசி. என் வளையத்தையும் நீங்களே தொட்டுத் திருகிக் குடுத்துடுங்க."

துணைக்கு வந்திருந்த கணவன்கூட முந்திக்கொண்டு சிரித்தான். அவள் ஸ்பேனரை அவர் கையில் வைத்தாள். "ராசி இதுல இல்ல, கொக்கிதான் இருக்கு. குனிங்க, நீங்களே திருகுங்க."

அவர் குனிந்தார். அந்த வளையம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வண்டி பக்கத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்த ஒவ்வொருவரின் கண்ணுக்கும் நேரே, இத்தனை நாளும் இருந்திருக்கிறது. யார் காலிலாவது விழுந்தே தீருவேன் என்றால் விழுங்கள். கண்ணைத் திறந்துகொண்டு விழுங்கள்.