கதிரை எடுக்காத கதிரையர்

உலகத்திலேயே ஒருவரும் தோற்காத சங்கீதக் கதிரைப் போட்டியை நடத்திய ஒரே மனிதர் எங்கள் கதிரையர்தான். யாராவது மறுத்தால் திருகோணமலைக்கு வரட்டும், நானே சாட்சி. எங்கள் ஊரில் நாற்காலிக்குக் கதிரை என்று பெயர், அவருக்குக் கதிரையர் என்று பட்டம் வைத்தது நாங்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தேவாலயத்தின் வாலிபர் சங்கத்துக்கு அவர் தலைவர். எங்களுக்குப் பதின்மூன்றிலிருந்து பத்தொன்பது வயது, தலைவருக்கு நாற்பது. பண்டகசாலையில் கயிறும் சங்கிலியும் எண்ணுகிற கிளாக்கர். கல்யாணமில்லை, மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. கிழமையில் ஆறு நாளும் அவரோடு கதைக்க வீட்டில் ஆளில்லை. அந்த ஆறு நாள் கதையையும் ஞாயிறு நாலு மணிக்கு எங்கள் தலையில் இறக்கிவைப்பார்.

ஜெபம் முடிந்ததும் முப்பது பேருக்கும் முப்பது கதிரையை வட்டமாகப் போட்டுவிட்டு, ஆர்மோனியத்தின் முன் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். பாட்டு நின்றதும், சுற்றிவரும் நாங்கள் ஆளுக்கொரு கதிரையில் உட்கார வேண்டும். மற்ற இடங்களில் சுற்றுக்கு ஒரு கதிரையை எடுப்பார்கள். இடம் கிடைக்காதவர் வெளியே போவார். இவர் ஒன்றையும் எடுக்கமாட்டார்.

"கதிரையை எடுத்தாத்தானே அண்ணை விளையாட்டு?" என்று கேட்டேன்.

"எடுக்கேலாது பிள்ளை. எடுத்தா ஒராள் வெளிய போகோணுமெல்லோ."

ஆகவே எல்லோரும் சுற்றுவோம், எல்லோரும் இருப்போம், மறுபடி சுற்றுவோம். சில நாள் அவர் பாட்டை நிறுத்தவே மறந்துவிடுவார். ஒருமுறை முக்கால் மணிநேரம் சுற்றிய பிறகு, தலைசுற்றிய ஒருத்தி போதகரின் மனைவியின் மடியில் போய் இருந்தாள். அதுவும் செல்லும் என்று கதிரையர் தீர்ப்புச் சொன்னார்.

அவர் கதிரையை எடுக்காவிட்டாலும் ஆட்கள் போய்க்கொண்டேயிருந்தார்கள். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனதும் வேலைகள் போயின. வேலையைத் தேடிக் குடும்பங்கள் கொழும்புக்குப் போயின. முப்பது பேர் பதினைந்தாகி, எட்டாகி, கடைசியில் நாலாகினோம். கதிரை மட்டும் முப்பதுதான்.

போதகர் ஒருநாள் வந்து எங்களை எண்ணிப் பார்த்தார். எண்ண அதிக நேரம் எடுக்கவில்லை.

"வாற ஞாயிறு பத்துப் பேராவது இல்லையெண்டா சங்கத்தை மூடுவம்," என்றார்.

கதிரையரின் முகம் செத்துப்போயிற்று. அந்தக் கிழமை முழுக்கச் சைக்கிளில் அலைந்தார். ஞாயிறு போய்ப் பார்த்தால் மண்டபத்தில் சரியாகப் பத்துப் பேர்! எங்கள் நாலு பேரோடு, உப்புவெளி மீன்காரர் மூன்று பேர், கதிரையருக்கு முடிவெட்டுகிறவர், ஒரு பஸ் கொண்டக்டர், கதிரையருக்குச் சோறு போடும் கடைக்காரரான, காக்கா என்று எல்லோரும் கூப்பிடும் கிண்ணியா முஸ்லிம் அண்ணன்.

போதகர் கொண்டக்டரிடம் கேட்டார்: "தம்பி எப்ப சபையில சேர்ந்தனீங்கள்?"

"நான் கந்தளாய் பஸ்ஸில வந்தனான் ஐயா. அஞ்சு மணிக்குத் திரும்பிப் போகோணும்."

போதகர் சிரிக்கவில்லை. காக்காவைப் பார்த்து, "நீங்கள்?" என்றார்.

"இந்த மனிசன் என்ட கடையில ரெண்டாந்தரம் குழம்புகூடக் கேட்டதில்ல ஐயா. முதல்முதலா ஒண்டு கேட்டார். வராம இருக்க ஏலாது."

சங்கம் அன்றைக்கே மூடப்பட்டது. வந்தவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள். மற்ற மூவரும் போனார்கள். கதிரையர் முதற் கதிரையைத் தூக்கினார். அவர் வட்டத்திலிருந்து ஒரு கதிரையை எடுத்து நான் கண்டது அன்றைக்குத்தான். எனக்குத் தாங்கவில்லை.

"வையுங்கோ அண்ணை. நீங்கள் ஒருநாளும் விளையாடேல்லயே."

"எனக்கு ஆர் பிள்ளை வாசிக்கிறது?"

நான் ஆர்மோனியத்தில் போய் இருந்தேன். எனக்குத் தெரிந்தது ஒரேயொரு கீர்த்தனை, அதுவும் பாதி. கதிரையர் கையிலிருந்ததை அதன் இடத்திலேயே வைத்துவிட்டுச் சுற்றத் தொடங்கினார். முப்பது கதிரைக்கு ஒற்றை மனிதர், ஆனால் இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தவர்போல ஒவ்வொன்றின் முதுகையும் தொட்டுக்கொண்டு நடந்தார்.

பாட்டை நிறுத்தினால் அவர் ஒரு கதிரையில் இருந்துவிடுவார். இருந்தால் விளையாட்டு முடிந்துவிடும், இருவரும் வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். கை நோக நோக அந்தப் பாதிப் பாட்டையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.