முப்பதாம் பக்கத்திலேயே தெரிந்தவர்

"உறுப்பினர் எனப்படுபவர் புதிரை நேசிப்பவர், கதையின் முடிவு வரை அடக்கத்தோடு காத்திருப்பவர், பிறர் வியப்பைக் கெடுக்காதவர்." செனிகாலியாவில் ஆண்டுதோறும் கூடும் மஞ்சள் மாநாட்டின் விதிமுறை இது. இத்தாலியில் துப்பறியும் நாவலுக்கு 'மஞ்சள்' என்று பெயர். அந்தக் காலத்து அட்டையின் நிறம். நீங்கள் நினைக்கிற மஞ்சள் இல்லை, ஏமாற வேண்டாம்.

இந்த விதியைக் கழுத்தில் தொங்கும் அட்டையின் பின்பக்கத்தில் சுமந்துகொண்டே அதற்கு நேர்மாறாக வாழும் ஓர் இனம் உண்டு. 'முப்பதாம் பக்கத்திலேயே தெரிந்தவர்.' அவரைத் தேட வேண்டாம். காப்பி வரிசையில் உங்களுக்குப் பின்னால்தான் நிற்பார். உங்கள் கையில் பாதி படித்த நாவலைக் கண்டால் போதும், அட்டையைப் பார்ப்பார், உங்களைப் பார்ப்பார், துக்கம் விசாரிக்க வந்தவர்போலத் தலையசைப்பார், "எதுவரைக்கும் வந்திருக்கீங்க?" என்பார், நீங்கள் சொன்னதும் "அடடா, அந்த மருமகனை இன்னுமா நம்பிட்டிருக்கீங்க!" என்பார், "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று கையை வேறு விரிப்பார். சொல்லவில்லையாம்! இனி அந்த நாவலை என்ன செய்வது? ஆடுகிற மேசைக்கு அடியில் வைக்கலாம்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி எங்கள் குவால்தியேரோ பெத்ராத்சோலி, ஓய்வுபெற்ற நில அளவையாளர். அவரை யாரும் வெறுப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. அரங்கில் நாற்காலி போடுகிறவர் அவர். எழுத்தாளர்களை ரயிலடியிலிருந்து அழைத்து வருகிறவர் அவர். புதிரின் மேல் அவருக்குத் தீராத காதல். அது புதிராக இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

சென்ற நவம்பரில் மேடையில் ஓர்னெல்லா பஸ்தியனெல்லி. தொழில் பல் மருத்துவம்; கையில் முதல் நாவல். இது விற்காவிட்டால் இரண்டாவது கிடையாது என்று பதிப்பாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். பதிப்பாளர்கள் சிரித்துக்கொண்டு சொல்வதைத்தான் நம்ப வேண்டும். அரங்கத்தில் அநேகர் இன்னும் வாங்கவில்லை. பேச்சைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

கேள்வி நேரம் வந்தது. மைக் யார் கைக்குப் போயிருக்கும்?

"எனக்குக் கேள்வி எதுவும் இல்ல. ஒரு சின்னக் கருத்துதான்."

"யோவ் குவால்தியேரோ, உட்காருய்யா!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. அவருடைய சீட்டாட்டக் கூட்டாளி பிரிமோ.

"நீ சும்மா இரு. அம்மணி, அருமையா எழுதியிருக்கீங்க. ஆனா மருந்துக்கடைக்காரர்தான் கொன்னாருன்னு எனக்கு முப்பதாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு."

பதிப்பாளர் கண்களை மூடிக்கொண்டார். சாய்ந்திருந்தவர்கள் மேலும் சாய்ந்தார்கள்: ஒரு புத்தகத்தின் விலை மிச்சம்.

ஓர்னெல்லா ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு, பல்லைப் பிடுங்குவதற்கு முன் பல் மருத்துவர்களுக்கு வருமே ஓர் இனிமை, அந்தக் குரலில் கேட்டார்:

"முப்பதாம் பக்கத்துலயா ஐயா?"

"முப்பதேதான்."

"மருந்துக்கடைக்காரர் கதைக்குள்ள வர்றதே இருநூத்திப் பத்தாம் பக்கத்துலதானே?"

துப்பறியும் வாசகர்கள் நிறைந்த அரங்கத்துக்கு இதைவிடப் பெரிய தடயம் வேண்டுமா?

"கடைசிப் பக்கத்தைப் பார்த்திருக்கான்யா!" என்று பிரிமோ துள்ளி எழுந்தார். "அதுலதானே மருந்துக்கடைக்காரருக்கு விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போறாங்க!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் பக்கத்து நாற்காலி அம்மாள். "நீங்கதான் இன்னும் வாங்கவே இல்லையே?"

பிரிமோ உட்கார்ந்தார். அப்போது அரங்கத்தில் பலர் குனிந்து தங்கள் காலணிகளை ஆராய்ந்ததைக் கண்டேன். எங்கள் ஊர்ப் புத்தகங்களில் பொருளடக்கம் கடைசியில்தான் இருக்கும். பொருளடக்கம் பார்க்கிற சாக்கில் கடையில் நின்றபடியே கடைசிப் பக்கத்தை மேய்ந்துவிட்டு வராத நாவல் ரசிகர் இந்த நாட்டில் உண்டா?

"விலங்கு மாட்டுறாங்க, உண்மைதான்," என்றார் ஓர்னெல்லா. "அவர்தான் கொன்னாருன்னு நான் எங்க எழுதியிருக்கேன்? அந்தப் பக்கத்தைத்தான் முதல்ல எழுதினேன். உங்க எல்லாருக்காகவும்."

சிரிப்பு அடங்குவதற்குள் விற்பனை மேசையில் வரிசை வாசல் தாண்டிப் போய்விட்டது. பதிப்பாளர் கண்களைத் திறந்தார். பெத்ராத்சோலி மட்டும் மேடையோரம் ஒதுங்கி, காது மடல் சிவக்க, மெல்லக் கேட்டார்:

"அப்ப யாரும்மா கொன்னது?"

"வரிசை அந்தப் பக்கம் இருக்கு ஐயா."

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கத் தொடங்குவதற்கு முன், எவ்வளவு நீளம் என்று பார்ப்பதாக உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு, கடைசி வரிவரை ஒரு நடை போய்வந்தீர்களே, அது எதற்காக? போகட்டும், அங்கே இருந்தது இவ்வளவுதான்: பெத்ராத்சோலி வரிசையில் நின்று ஒரு பிரதி வாங்கினார், முதல் பக்கத்திலிருந்து படித்தார், நாவலே சொல்லும்வரை கொலைகாரரைக் கண்டுபிடிக்கவில்லை.