லெஃப்டினன்ட் பொங்கியண்ணனும் பதினாறு பனியன்களும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டரை மணியிலிருந்து ஐந்தரை மணி வரை இந்த வீட்டில் நான் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று ஒரு முடிவெடுத்தேன். மிக மிக உறுதியான முடிவு. வீட்டில் யாரிடமும் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

காரணம் இருக்கிறது. அந்த மூன்று மணி நேரமும் நான் ஐந்நூறு அடி உயரத்தில் போர் ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருப்பேன்.

கம்ப்யூட்டரில்தான். சிரிக்காதீர்கள். 'கேம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். கேம் என்றால் பொத்தானை அமுக்கினால் டுப்பென்று சுடும். எங்கள் ஹெலிகாப்டர் தரையை விட்டு ஓரடி எழும்ப முப்பத்திரண்டு சுவிட்சுகளை வரிசை மாறாமல் போட வேண்டும். வலது கையில் ஒரு குச்சி, இடது கையில் ஒரு நெம்புகோல், காலுக்கு இரண்டு மிதிகள். ஒன்றை அசைத்தால் மற்றவை எல்லாம் முறுக்கிக்கொள்ளும். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவனுக்குச் சொல்லாமலே புரியும்.

எங்கள் வீதிக்கு பிராட்பேண்ட் வந்தது 2008-இல். வந்த மாதமே நான் படையில் சேர்ந்துவிட்டேன். பல நாட்டுக்காரர்கள் பதினாறு பேர் சேர்ந்த படைப்பிரிவு. ஆளுக்கொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி ஒன்றாகப் பறப்போம். எங்கள் கர்னல் டீட்டர் ஜெர்மனியில் இருக்கிறார். பிழைப்புக்கு ரொட்டிக்கடை. காலை ரொட்டியை எல்லாம் விற்று முடித்து அவர் உட்காரும்போது நமக்கு மதியம் இரண்டரை. நான் லெஃப்டினன்ட் பொங்கியண்ணன். பிழைப்புக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. கீழே கம்பெனி, மேலே வீடு.

போர்டில் என் பெயர்தான் இருக்கிறது. கம்பெனியை நடத்துவது என் மனைவி பழனியம்மாள். எங்கள் சூப்பர்வைசர் மூக்கையா ராமநாதபுரத்துக்காரன். "மூக்கையா, கட்டிங்கை ஆரம்பி" என்று நான் கம்பீரமாகச் சொன்னால், "சரிண்ணே, அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்" என்பான். எனக்கு நாற்பத்தாறு வயது. நான் சொல்லி இதுவரை ஒரு மின்விசிறிகூட நின்றதில்லை.

மிதிகளும் குச்சியும் பார்சலில் வந்த அன்றே பழனியம்மாள் பிடித்துவிட்டாள்.

"ஏனுங்க, இதென்னுங்க மிதி? ஓவர்லாக் மிசினுக்குங்களா?"

"ஆமா அம்மிணி. புது மாடல்."

"குச்சி எதுக்குங்க?"

"அதான் புது மாடல்ங்கறேன்ல. ஜெர்மன்ல இருந்து பையர் அனுப்பிச்சிருக்கான்."

"பையருங்களா!"

அந்த ஒரு சொல்லில் அவள் முகம் மலர்ந்துவிட்டது. நாங்கள் பதினைந்து வருடமாக மற்றவர்களின் ஆர்டருக்குத் தைத்துக் கொடுப்பவர்கள். எங்களுக்கென்று நேரடியாக ஆர்டர் கொடுத்துச் சரக்கு வாங்க ஒரு வெளிநாட்டு பையர் வரவேண்டும் என்பது அவளுடைய கனவு. திருப்பூரில் ஒருவன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வெள்ளைக்காரனிடம் இங்கிலீஷ் பேசினால் அவனைத் தொந்தரவு செய்ய யாருக்கும் மனம் வராது. எனக்கும் அது வசதியாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகள் 'பையர் மீட்டிங்' ஆயின. ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், வந்தால் வாசலிலேயே மெதுவாகப் பேசச் சொல்லி உட்காரவைத்தாள். காஸ், காய்கறி, கல்யாணம் எதற்கும் என்னைக் கூப்பிடவில்லை. வாராவாரம் கறிக்குழம்பு வைத்தாள்.

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு ஒருநாள் மிகவும் வருத்தப்பட்டாள்.

"ஏனுங்க, அந்தாளு ரொம்பத் திட்டறானுங்களா? 'சாரி சார், சாரி சார்'னே சொல்லீட்டு இருந்தீங்க."

"என்ன பண்றது அம்மிணி. இன்னைக்கு மட்டும் ரெண்டு விழுந்துருச்சு."

"ரெண்டு லாட்டுச் சரக்குங்களா?"

"ஆமா... ரெண்டு லாட்டு."

"ஏனுங்க உழுந்துச்சு?"

"மரத்துல மோ... மார்க்கெட்டு சரியில்ல அம்மிணி."

"பாவமுங்க நீங்க" என்று சொல்லி இன்னும் இரண்டு துண்டு கறி போட்டாள். நானும் சாப்பிட்டேன். குற்ற உணர்ச்சி இருந்தது, ஆனால் கறி நன்றாக வெந்திருந்தது.

ஏழு மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பறந்து முடித்ததும் டீட்டர் அறிவித்தார். அடுத்த மாதக் கடைசி ஞாயிறு இந்த ஆண்டின் பெரிய தாக்குதல். அதில் நான்கு ஹெலிகாப்டர்களுக்கு லெஃப்டினன்ட் பொங்கியண்ணன் தலைமை தாங்குவார். நான் 'கிளம்பு' என்றால் கிளம்புவார்கள், 'சுடு' என்றால் சுடுவார்கள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்காமல் சொல்கிறேன், என் கல்யாணத்தன்றுகூட அப்படிக் கலங்கவில்லை. நான் சொல்லி நாலு பேர் கேட்கப் போகிறார்கள்!

ஹெட்போனைக் கழற்றித் திரும்பினால் பழனியம்மாள் நிற்கிறாள்.

"ஏனுங்க, ஏழு மாசமா மீட்டிங்கு நடக்குது. ஆர்டர் எங்கீங்க?"

"வரும் அம்மிணி."

"எப்பங்க வரும்? இந்த மாசத்துக்குள்ள வரலீன்னா மீட்டிங்கை நிறுத்திப் போடுங்க. சும்மா திட்டு வாங்கறதுக்கு எதுக்குங்க மீட்டிங்கு?"

இதை விடக் கொடுமை உண்டா? தலைமைப் பதவி வந்த அதே ஐந்து நிமிடத்தில் பதவிக்கு ஆபத்து! யோசித்தேன். அற்புதமாக ஒரு திட்டம் உதித்தது. டீட்டருக்கு ஒரு மெயில் அனுப்பினேன். 'நம் படைக்குப் பனியன் தைப்போம். நெஞ்சில் நம் சின்னம், முதுகில் அவரவர் பதவியும் பெயரும். பதினாறு பீஸ். நானே தைத்துத் தருகிறேன். ஒரே ஒரு உதவி. என் மனைவி கேட்டால் நீங்கள் ஒரு பையர் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். ஆணுக்கு ஆண் கேட்கிறேன்.'

மறுநாளே சம்மதம் வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கீழே கம்பெனிக்குப் போனேன்.

"ஆர்டர் வந்துருச்சு அம்மிணி!"

"எத்தனை பீஸுங்க?"

"பதினாறு."

"பதினாறாயிரமுங்களா?"

"வெறும் பதினாறு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நம்மூட்டுக் கெடாவெட்டுக்கு வாற ஒறம்பரைக்கே பத்தாதுங்களே."

"சாம்பிள் அம்மிணி. பெரிய ஆர்டரெல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும்."

"செரிங்க. பையரோட மெயில் ஐ.டி. குடுங்க. சைஸு, கலரு எல்லாம் நானே கேட்டுக்கறேன்."

"உனக்கு எதுக்கு அந்தச் சிரமம்?"

"பி.காம். படிச்சுப்போட்டு ஒரு லெட்டர் எழுத வராதுங்களா எனக்கு?"

அதே பி.காமில் நான் முதல் வருடத்தோடு நின்றவன். அவள் அதைச் சொல்லவில்லை. நான் மெயில் ஐ.டி.யைக் கொடுத்துவிட்டேன். டீட்டர்தான் சம்மதித்துவிட்டாரே, என்ன பயம்?

மூன்றாம் நாள் அவள் ஒரு காகிதத்தோடு மேலே வந்தாள்.

"பையர் தங்கமான மனுசனுங்க."

"என்ன எழுதியிருக்கான்?"

"சைஸுதானுங்க. பாதிப் பேருக்கு மேல டபுள் எக்ஸெல்லு. எந்நேரமும் உக்காந்தே இருப்பாங்களாட்ட இருக்குது. முதுகுல கர்னலு, மேஜரு, லெப்டினன்டுன்னு போடோணுமாம். இது எதுக்குங்க?"

"அது... ஃபேஷன்."

"ஓ. ஃபேஷனுங்களா."

திரும்பிப் போய்விட்டாள். அந்த 'ஓ'வை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. நீங்களே சொல்லுங்கள், ஒரு 'ஓ'வுக்குள் இத்தனை விஷயம் இருக்கும் என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பனியன்கள் தயாராயின. துணியை மூன்று முறை துவைத்துச் சுருங்குகிறதா என்று அவளே பார்த்தாள். சின்னத்தை எம்பிராய்டரியில் போட்டாள். எனக்குரியதை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கூரியரில் அனுப்பினாள். போய்ச் சேர்ந்த வாரம் எங்கள் படை பறக்கவே இல்லை. கழுத்து ரிப்பைப் பற்றியே டீட்டர் அரை மணி நேரம் பேசினார். ஏழு மாதம் உயிரைக் கொடுத்துப் பறந்தவனுக்கு ஒரு 'சபாஷ்' கிடையாது, கழுத்துப் பட்டைக்கு அரை மணி நேரம்! போட்டோவைப் பார்த்துவிட்டு மற்ற படைப்பிரிவுகளும் ஆர்டர் அனுப்பத் தொடங்கின. கீழே தையல் மிசின்கள் படபடவென்று ஓடின. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் நிறைய பயமாகவும் இருந்தது.

கடைசி ஞாயிறு வந்தது. கறிக்குழம்பு சாப்பிட்டேன். 'லெஃப்டினன்ட் பொங்கியண்ணன்' என்று முதுகில் எழுதிய பனியனை மாட்டினேன். முப்பத்திரண்டு சுவிட்சுகளையும் போட்டேன். இறக்கை சுழல ஆரம்பித்தது. எனக்குப் பின்னால் என்னுடைய நான்கு பேர். போலந்தில் பல் பிடுங்குகிறவர், இங்கிலாந்தில் பஸ் ஓட்டுகிறவர், பெல்ஜியத்தில் பூக்கடை வைத்திருப்பவர், நார்வேயில் மீன் பிடிப்பவர்.

"லெஃப்டினன்ட், உங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறோம்" என்றார் பல் டாக்டர்.

சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி அதை இன்னொரு முறை சொல்லவைத்துக் கேட்டேன். உத்தரவு கொடுக்க வாயைத் திறந்தேன். டீட்டர் குறுக்கே வந்தார்.

"நண்பர்களே, ஒரு நிமிடம். நிஜ ராணுவத்தில் பைலட் எத்தனை பெரியவனாக இருந்தாலும், தரைக்குழுவின் தலைவர் சரி என்று சொல்லாமல் ஹெலிகாப்டரை எடுக்க முடியாது. நமக்கு இதுவரை அப்படி ஒருவர் இல்லை. இன்றிலிருந்து இருக்கிறார். நான் அவரை நியமித்துவிட்டேன்."

"குட் ஆஃப்டர்நூன், ஜென்டில்மென்" என்று ஒரு குரல் கேட்டது.

அந்தக் குரல் முதலில் கீழே ஆபீஸ் ரூமிலிருந்து மாடிப்படி வழியாக வந்தது. பிறகு ஜெர்மனியைச் சுற்றிக்கொண்டு என் ஹெட்போனுக்கு வந்தது.

"குட் ஆஃப்டர்நூன், மேடம்!" பதினைந்து பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். பஸ் டிரைவர் எழுந்து நின்றே சொல்லியிருப்பார் போலிருக்கிறது.

ஒவ்வொரு ஹெலிகாப்டராக நம்பரைச் சொல்லி "ஓகே, ஓகே" என்றாள், செக்கிங் டேபிளில் பீஸ் தள்ளுவதைப் போல. கடைசியில் என்னிடம் வந்தாள். தமிழுக்கு மாறினாள்.

"ஏனுங்க."

"அம்மிணி! நீ எப்படி இங்க?"

"மொத மெயில்லயே டீட்டர் எழுதிப் போட்டாருங்க. 'உங்க ஊட்டுக்காரர் என்னைப் பையர்னு சொல்லச் சொன்னார். நான் ரொட்டி விக்கறவன், பொம்பளைங்ககிட்டப் பொய் சொல்ல வராது. ஆனா பனியன் நெசமாவே வேணும்'னு."

துரோகி! ஏழு மாதம் தோளோடு தோள் நின்று சண்டை போட்டவன். என்னிடம் சம்மதம் என்று எழுதிவிட்டு அவளிடம் சத்தியம் பேசியிருக்கிறான்!

"அப்போ ஒரு மாசமா தெரிஞ்சுட்டேதான் கறிக்குழம்பு வெச்சியா?"

"பையரோட ஆளைப் பகைச்சுக்க முடியுமுங்களா?"

"லெஃப்டினன்ட், தலைவர் என்ன சொல்கிறார்?" என்று டீட்டர் கேட்டார்.

"சின்ன டெக்னிக்கல் பிரச்சினை, சார்" என்றேன்.

"எட்டு மாசமா ஞாயித்துக்கெழமைன்னா ஊட்டுல ஒரு துரும்பை நகத்துனீங்களா? எல்லாம் நான் ஒருத்தியே பாத்தேன். மேல தண்ணித் தொட்டியில ஒரு சாண் சேறு நிக்குதுங்க. இன்னைக்குத்தான் தொட்டி காலியா இருக்குது. அஞ்சு மணிக்குத் தண்ணி லாரி வந்துரும். அதுக்குள்ள கழுவோணும்."

"அடுத்த வாரம் சத்தியமா கழுவிடறேன் அம்மிணி."

"லாரி அடுத்த வாரம் வராதுங்க."

"அம்மிணி, நான் சொன்னா கேக்கறதுக்கு நாலு பேரு காத்துட்டு இருக்காங்க. என்ற ஆயுசுக்கே இந்த ஒரு நாள்தான். விட்டுரு."

"செரிங்க" என்றாள். மனம் இளகிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு நல்ல இங்கிலீஷில் டீட்டரிடம் சொன்னாள். லெஃப்டினன்டின் ஹெலிகாப்டரில் டேங்க் அழுக்காக இருக்கிறது, சுத்தம் செய்ய இரண்டு மணி நேரம் ஆகும்.

"தலைவர் சொன்னால் சொன்னதுதான்" என்றார் டீட்டர். "அந்த நான்கு பேரும் என்ன செய்வது?"

"சார், பத்தே நிமிடம் பொறுங்கள்!" என்று கத்தினேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

"மேடம் சொன்னால் நாங்கள் கிளம்பத் தயார்" என்றார் பல் டாக்டர்.

கதவைத் திறந்துகொண்டு மூக்கையா வந்தான். கையில் வாளி, தோளில் தென்னந்துடைப்பம்.

"அண்ணே, ஏணி வச்சாச்சு. அக்கா உங்களை வரச் சொன்னாக."

எனக்கு வந்த ஆத்திரம்! "யோவ் மூக்கையா, நான் யாருன்னு தெரியுமாய்யா உனக்கு?"

"தெரியும்ணே. லெப்டினன்டு. முதுகுல பிரிண்ட் போட்டதே நாந்தானே." கொஞ்சம் தயங்கினான். "அந்தப் பனியனைக் கழட்டி வச்சுட்டு வரச் சொன்னாக. சேறு பட்டா கறை போகாதாம்."

கழற்றினேன். ஹெட்போனில் பழனியம்மாள் "கோ" என்றாள். நான்கு ஹெலிகாப்டர்களும் அந்த ஒரு சொல்லுக்கு ஒன்றாக மேலே எழும்பின. நான் ஏணியில் ஏறித் தொட்டிக்குள் இறங்கினேன்.