கஸ்தூரியின் பிரசவத்தில் நான் பிடித்த கை

கோபக்காரிகளை ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு அழைத்துப் போகக் கூடாது. சண்டை போடுகிற மும்முரத்தில் வந்த வேலையைக் கோட்டை விட்டுவிடுவோம். (எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அது வேறு விஷயம்.)

கஸ்தூரியும் நானும் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரே குப்பத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, ஒரே வலையைச் சுற்றி உட்கார்ந்து சிக்கிய நண்டைக் கழற்றியவர்கள். தலைப் பிரசவத்தில் அவளுக்குத் துணை இல்லை. கத்தினால் நர்சுகள் தொடையில் அடித்திருக்கிறார்கள். அந்தப் பயம் இரண்டாவதுக்கும் போகவில்லை.

“வேற ஒண்ணும் வேணாம் அம்சா. கைய மட்டும் உடாம புட்ச்சிக்கோ” என்றாள். அவள் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

வலி எடுத்த காலையில் அவள் புருஷன் நீலகண்டன் எங்களை டச்சுக்காரர் கல்லறை பக்கத்தில் ஆட்டோ ஏற்றிவிட்டு, தான் கீழேயே நின்றுகொண்டான்.

“நீ ஏறலியாண்ணா?”

“இன்னிக்கு நம்ம பாடும்மா. உட்டா போயிடும்.”

ஏரியில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பது முறை வைத்து வரும். அதைத்தான் பாடு என்போம். தவறவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். பிள்ளை பிறப்பதும் காத்திருக்காது என்று அந்த மனுஷனுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிரசவ வார்டுச் சுவரில் மாட்டிய போர்டில், துணைக்கு ஒரு பெண் உள்ளே இருக்கலாம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழேயே நின்று நர்ஸ் என்னை மறித்தார்.

“வெளிய நில்லும்மா.”

“போர்டுல போட்டுக்கீதே சிஸ்டர்.”

“அப்ப போர்டையே போய்க் கேளு.”

கதவு சாத்தப்பட்டது. மீன் விற்கிற தொண்டை எனக்கு. அதில் பாதியைத் திறந்ததுமே வாட்ச்மேன் ஓடி வந்தார். முழுவதையும் திறப்பதற்குள் என்னை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்.

நான் விடுவேனா? கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். வரிசையாக ஜன்னல்கள், எல்லாவற்றிலும் உள்ளே பச்சைத் துணி. முதல் ஜன்னலில் “அம்மா” என்று ஒரு முனகல். கஸ்தூரியேதான். (வலியில் எல்லோர் குரலும் ஒன்றுபோல் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?) கம்பிக்குள் கையை விட்டுத் துழாவினேன். உள்ளேயிருந்து ஒரு கை பாய்ந்து பிடித்தது. சந்தேகம் தீர விரல்களைத் தடவிப் பார்த்தேன். உள்ளங்கையில் காய்ப்பு. ஆள்காட்டி விரலில் நண்டுக் கொடுக்கு கிழித்த தழும்பு. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

“நான் வந்துட்டேன்டி, பயப்படாத” என்று ஆரம்பித்தவள், தைரியம் சொல்வதை விட்டுவிட்டு அவள் புருஷனைப் பிடித்துக்கொண்டேன். “பெத்துக்க மட்டும் பொண்டாட்டி வேணும், கூட வர்றதுக்குக் காலு வலிக்குதா அந்தாளுக்கு? வலையக் கட்டிக்கினு குடும்பம் நடத்தச் சொல்லு.” நான் திட்டத் திட்ட உள்ளேயிருந்த கை இன்னும் இறுக்கிப் பிடித்தது. எனக்கும் உற்சாகம் ஏறிப்போய், அவன் வெற்றிலை போடுவதிலிருந்து மாமியாருக்குப் பயப்படுவது வரைக்கும் ஒன்றையும் விடவில்லை.

குழந்தை அழுதது. நான் வெளியே துள்ளிக் குதித்தேன். ஜன்னலை ஒட்டிய கட்டிலில் படுத்தபடியே பச்சைத் துணியை விலக்கி ஒரு முகம் பார்த்தது. முன்பின் பார்த்திராத முகம்.

“சுண்ணாம்புக்குளத்து ஆளுங்கக்கா நாங்க. எங்க வூட்டுக்காரர உனுக்கு எப்டித் தெரியும்?”

ஏரியைச் சுற்றி நண்டு கழற்றாத பெண் இல்லை. அந்தத் தழும்பு இல்லாத விரலும் இல்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த இந்த விஷயம் அந்த நேரம் பார்த்து எனக்கு மறந்து தொலைத்தது.

மூன்றாவது ஜன்னலிலிருந்து கஸ்தூரி கத்தினாள். “அடியே அம்சா, எவகூடடி பேசிக்கினு கீற? நான் இங்க கீறேன்டி.”

ஓட நினைத்தேன். கை வரவில்லை. பிழிந்த பிழியில் மணிக்கட்டு வீங்கி, கண்ணாடி வளையல்களோடு கம்பியில் மாட்டிக்கொண்டது. நர்ஸ் சோப்போடு வந்தார். கையில் சோப்பைத் தேய்த்துக்கொண்டே அவர் என்னைத் திட்ட, தேய்க்கக் கொடுத்துக்கொண்டே நான் அவரைத் திட்டினேன். அந்தச் சண்டை முடிவதற்குள், கஸ்தூரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெண் பிள்ளை பெற்றுவிட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. நர்ஸ் மேல், நீலகண்டன் மேல், எல்லோருக்கும் மேலாக என் மேல். சாயங்காலம் அவன் ஒரு பை இறாலோடு வந்து, “பாடு நல்லா இருந்துச்சு” என்று சிரித்தான். அந்தப் பையை அவன் தலையிலேயே கவிழ்த்திருக்க வேண்டும். கை வலியில் முடியவில்லை.

அதற்கப்புறம் கல்யாணமா, காதுகுத்தா, எங்கே நாலு பேர் கூடினாலும் நீலகண்டன் இந்தக் கதையை எடுத்துவிடுவான். சோப்பு வருகிற இடத்தில் அவன் சிரிப்புதான் எல்லோரையும்விடப் பலமாக இருக்கும். நானும் சிரித்து வைப்பேன். வேறென்ன செய்ய?

அன்று பிறந்த மகளின் மஞ்சள் நீராட்டு விழாவிலும் ஆரம்பித்தான். சோப்பு வரைக்கும் வந்தபோது, பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த கஸ்தூரி வாளியைக் கீழே வைத்தாள்.

“அவ தப்பான கையயாவது புட்ச்சா. நீ அன்னிக்கு எந்தக் கைய புட்ச்சிக்கினு இருந்த?”

பந்தியில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் பாதிச் சாப்பாட்டிலேயே இலையை மடித்தான்.

அதன்பிறகு அவன் அந்தக் கதையைச் சொல்வதில்லை. ஆனால் எங்கேயாவது சுற்றிவிட்டு வீட்டுக்கு நேரம் கழித்து வந்தால், சோறு போடுவதற்கு முன் மகள் கேட்கிறாள்: “நைனா, எந்தக் கைய புட்ச்சிக்கினு இருந்த?”