குரூப்பில் இல்லாத தாய்மாமன்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதில் எனக்கு இன்னும் தகராறு தீரவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லிவிடலாம் என்றால், நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் வந்தது. வராமலே இருந்திருக்கலாம்.

நான் கட்டற்ற மென்பொருள்காரன். ஜவ்வாது மலையில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

எங்கள் ஊர்ச் சாமை விவசாயிகள் சங்கத்துக்கு யாரோ ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தார்கள். சங்கத்தின் சாவி என்னிடம் இருந்தது. கம்ப்யூட்டரைச் சரிசெய்ய மலைக்குக் கீழேயிருந்து வந்த தம்பி ஒருவர் சில மாதம் எங்களோடு தங்கினார். அவர்தான் சொன்னார்: இந்த மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் விதைச் சாமை அப்படித்தானே. கேட்டால் கொடுப்பார்கள், வாங்கியவர் அடுத்த வருஷம் இன்னொருவருக்குக் கொடுப்பார். ‘நீ மட்டும் விதைத்துக்கொள், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதே’ என்று சொல்கிற ஆளை எங்கள் ஊரில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். அதே நிபந்தனையோடு ஒரு ஆப் வந்தால் மட்டும் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. (பொறுக்காமல் போய் என்ன கிழித்தேன் என்பதுதான் மீதிக் கதை.)

தம்பி என் போனில் ஒரு கட்டற்ற செய்தி ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். அதில் நானும் அவரும் பேசிக்கொண்டோம். அவர் கீழே போய் ஒரு கம்பெனி வேலையில் சேர்ந்ததும் நான் மட்டும் இருந்தேன். ஒரு நாள் எனக்கு நானே ‘வணக்கம்’ என்று அனுப்பிப் பார்த்தேன். பத்திரமாக வந்து சேர்ந்தது. பதில் போடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

ஊரோ வேறு ஆப்புக்குப் போய்விட்டது. ஊருக்கு மேற்கே ஒரு பாறை மேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். காலையும் சாயங்காலமும் எல்லோரும் அங்கே ஏறி, தலையைக் குனிந்து, அசையாமல் நிற்பார்கள். புதிதாகப் பார்ப்பவர் ஏதோ பூசை நடக்கிறது என்று நினைப்பார். முன்பெல்லாம் கல்யாணமோ சாவோ, வீட்டுக்கு வீடு ஆள் போய்ச் சொல்லும். இப்போது எல்லாம் ஊர் குரூப்பில் வருகிறது. ‘நீங்களும் வந்துடுங்க’ என்று என் மனைவி எத்தனையோ முறை சொன்னாள். பூட்டு போட்ட பொருளுக்குள் வரமாட்டேன் என்றேன். அவள் வேறொன்றும் கேட்காமல் அவள் போனை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாசியில் என் அக்கா மகள் சத்யாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை ஒடுகத்தூரில் பாத்திரக்கடையில் வேலை பார்க்கிறவர். எங்கள் ஊர் வழக்கப்படி, பெண்ணின் தாய்மாமன் எல்லைக் கல் அருகே நின்று தண்ணீர் கொடுத்துக் கூப்பிட்டால்தான் மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குள் கால் வைப்பார்கள். அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் என்றார்கள். என் மனைவி சமையல் வேலைக்கு முன்கூட்டியே அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வெள்ளிக்கிழமை நிம்மதியாகக் காட்டுக்குப் போய்ப் புளிய மரத்தில் ஏறி உலுக்கிக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறிய பிறகு, அக்கா வீட்டுக்காரர் மூச்சு வாங்க வந்து மரத்தடியில் நின்றார்.

“மச்சான், எறங்கு.”

“இருங்க மாமா. இந்தக் கெளைய உலுக்கிட்டு வர்றேன்.”

“மாப்ள வூட்டுக்காரங்க எல்லைல நிக்கிறாங்க.”

“ஞாயித்துக்கெழம தானே மாமா?”

“மாப்ளைக்கு கடைல லீவு இன்னிக்கிதான். மாத்தியாச்சி. குரூப்புல போட்டேனே.”

“நான் குரூப்புல இல்லியே.”

“தெரியும்யா. அதான் ‘பொண்ணோட மாமனுக்கு யாராச்சும் சொல்லிடுங்க’ன்னு அதுலயே போட்டேன்.”

அந்தச் செய்திக்குக் கீழே ஊரே கட்டைவிரல் போட்டிருந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். ஒவ்வொரு கட்டைவிரலும் இன்னொரு கட்டைவிரல் போய்ச் சொல்லிவிடும் என்று நினைத்திருக்கிறது. அதில் ஒன்று என் மனைவியுடையது.

இறங்கினேன் என்று எழுதினால் பொய். விழுந்தேன். மடித்துக் கட்டிய லுங்கி, முதுகில் கிழிந்த பனியன், தலையெல்லாம் புளியம் செத்தை, கழுத்துக்குள் செவ்வெறும்பு. அப்படியே ஓடினேன்.

எல்லைக் கல்லில் மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வெயிலில் நின்றிருந்தார்கள். அக்கா என் கையில் குடத்தைத் திணித்தாள். குடம் சுட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா என்னை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார்.

“இவருதான் தாய்மாமனா?”

“ஆமாங்க,” என்றாள் அக்கா.

“வூட்டு விசேஷம் இவருக்குத் தெரியாதா? போனு இல்லியா?”

“போனு ஒடஞ்சி போச்சின்னு சொல்லுடா,” என்று அக்கா என் காதில் சொன்னாள். அதைச் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் பல வருஷமாகப் பேசாமல் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அந்த இடத்தில்தான் வரவேண்டும் என்று இருந்திருக்கிறது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். விதைச் சாமையில் தொடங்கினேன். பூட்டு, சாவி, கம்பெனி என்று போய், அதனால்தான் ஊர் குரூப்பில் நான் இல்லை என்றேன். “உங்க போனு உங்க பேச்ச கேக்குதா, அத செஞ்சவன் பேச்ச கேக்குதான்னு யோசிச்சிப் பாருங்க,” என்று அந்தப் பெரியவரையே கேட்டேன். என் வாய் என்னைக் கேட்காமல் ஓடியது. முடித்தபோது ஒரு ஆடு என் லுங்கி நுனியை மென்றுகொண்டிருந்தது.

பெரியப்பா அக்கா வீட்டுக்காரரிடம் திரும்பினார். “சம்பந்தி, இவரு எதுக்காச்சும் மருந்து சாப்புடறாரா?”

“இல்லீங்க. ஆளு நல்ல ஆளுங்க.”

“அந்த குரூப்புல சேர்றேன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. நாங்க தாண்டறோம். நாளைக்கி நல்லது கெட்டதுன்னா, இவர எந்த மரத்துல போய்த் தேடறது? இல்லன்னா பஸ்சு வர்ற நேரம், நாங்க கெளம்பறோம்.”

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. ‘சேர்றேன்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். இருந்த பேச்சு முழுக்கத் தீர்ந்துபோய், காற்றுதான் வந்தது. கொள்கையில் உறுதியாக நிற்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பெரியப்பா கிளம்புவதற்காகக் கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டினார்.

அப்போது சத்யா வந்தாள். நிச்சயத்துக்கு முன்னால் பெண் எல்லைப் பக்கம் வரக்கூடாது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“எங்க மாமா சேர மாட்டாருங்க. அவருக்கு ஆளு போய்தான் சொல்லணும். முன்ன எல்லாருக்கும் அப்டிதானே போனாங்க. ஒருத்தருக்குப் போனா காலு தேஞ்சிடாது.” பிறகு மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். “நாளைக்கி எனக்கு புள்ள பொறந்தாலும் நீங்கதான் நடந்து வந்து அவருக்கு சொல்லணும். சம்மதம்னா தாண்டுங்க.”

மாப்பிள்ளை பெரியப்பாவைப் பார்த்தார். சத்யாவைப் பார்த்தார். தண்ணீரை வாங்காமலே எல்லைக் கல்லைத் தாண்டிவிட்டார். வேறு வழியில்லாமல் பெரியப்பா குடத்துக்குக் கையை நீட்டினார். ஒரு வாய் குடித்துவிட்டு, “வெந்நி குடுக்கறதும் இந்த ஊரு வழக்கமா?” என்றார்.

என்னால் யாரும் மாறவில்லை. சங்கத்துக் கம்ப்யூட்டரில்கூட, பிரிண்டர் ஓடவில்லை என்று சொல்லி, பூட்டு போட்டதையே திரும்ப ஏற்றிவிட்டார்கள். சாவி மட்டும் என்னிடம் இருக்கிறது. கதவுச் சாவி. என் ஆப்பில் இன்னும் நான் ஒருவன்தான். ஊரில் எந்த விசேஷம் என்றாலும் உலை வைப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர், “மாமனுக்கு ஆளு போச்சா?” என்று கேட்பார், எல்லோரும் சிரிப்பார்கள். போன மழைக்காலத்தில் மாப்பிள்ளை பஸ்சிலிருந்து இறங்கி, நனைந்துகொண்டே நடந்து வந்து, என் வாசலில் நின்றார்.

“பொண்ணு பொறந்திருக்குது மாமா. நேத்தே குரூப்புல போட்டாச்சி. உங்களுக்கு மட்டும் இன்னிக்கி பொறந்ததா வெச்சுக்குங்க.”

இன்னொன்றும் உண்டு. அன்று எல்லைக் கல்லில் யாரோ என்னைப் படம் எடுத்திருக்கிறார்கள். கிழிந்த பனியன், தலையில் செத்தை, இடுப்பில் குடம், திறந்த வாய். ஊர் குரூப்பின் முகப்பில் இப்போது அந்தப் படம்தான் இருக்கிறதாம். நான் சேராத இடத்துக்கு என் மூஞ்சிதான் அடையாளம். கல்யாணமாகிப் போன பிறகும் குரூப்பை நடத்துவது சத்யாதான். குழந்தையைப் பார்க்கப் போனபோது, அதை எடுத்துவிடும்மா என்று கெஞ்சினேன்.

“எடுத்துடறேன் மாமா,” என்றாள். “குரூப்புல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க.”

இதை எழுதி முடித்தது: மாசி 18, வெள்ளிக்கிழமை.